மூளையும் மொழியும் – 9: இடப்பக்கத்து இழைகள்

பிள்ளை திக்கினால் நம் வீடுகளில் நாக்கில் வசம்பு உரசித் தடவுவார்கள். சரியாகவில்லை என்றால், “பயப்படாமப் பேசு”, “நிதானமாச் சொல்லு” என்று புத்தி சொல்வார்கள். கோளாறு நாக்கிலோ பிள்ளையின் தைரியத்திலோ இருப்பதாக ஒரு நினைப்பு. இரண்டிலும் இல்லை.

திக்கும் குழந்தைக்குச் சொல் தெரியும். அதை ஒலியாக்கும் வேலையில்தான் சிக்கல். மூச்சு, குரல்வளை, நாக்கு, உதடு எல்லாம் நொடியின் சிறு பகுதிக்குள் வரிசை பிசகாமல் அசைய வேண்டும். பெரும்பாலோருக்கு இந்த வேலையில் முன்நிற்பது மூளையின் இடப்பக்கம். பேச்சைத் திட்டமிடும் பகுதி, தசைகளை இயக்கும் பகுதி, தன் குரலையே கேட்டுச் சரிபார்க்கும் பகுதி ஆகியவற்றை வெண்ணிழைகள் இணைக்கின்றன.

திக்கிப் பேசும் பெரியவர்களை ஆராய்ந்தபோது வேறொன்று தெரிந்தது. 1996-ல் ‘நேச்சர்’ இதழில் பீட்டர் ஃபாக்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், திக்குபவர்கள் பேசும்போது மூளையின் வலப்பக்கம் அளவுக்கு மீறி இயங்கியது. திக்கலுக்குக் காரணமே இதுதானா, அல்லது பல வருடம் திக்கித் திக்கிப் பேசியதால் வந்த விளைவா? பெரியவர்களை மட்டும் பார்த்து இதைப் பிரித்தறிய முடியாது.

அதனால்தான் 2008-ல் வந்த சூ-யுன் சாங் குழுவினரின் ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன். அவர்கள் 9 முதல் 12 வயதுவரையான சிறுவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். சிலர் இன்னும் திக்குபவர்கள், சிலர் திக்கிப் பின் தேறியவர்கள், சிலர் திக்காதவர்கள். திக்குபவர்கள், தேறியவர்கள் இருசாராருக்கும் இடப்பக்க முன்மூளையின் பேச்சுப் பகுதியில் சாம்பல் திசு குறைவாக இருந்தது. ஆனால் முகத்தையும் குரல்வளையையும் இயக்கும் பகுதிக்கு அடியிலுள்ள வெண்ணிழைகளின் கட்டமைப்பு, திக்கல் நீடித்தவர்களிடம்தான் தளர்ந்திருந்தது. பெரியவர்களிடம் வேறு ஆய்வுகள் கண்ட வலப்பக்கத் திசு வளர்ச்சி இந்தச் சிறுவர்களிடம் காணப்படவில்லை. அது ஆயுள் முழுக்கத் திக்கியதால் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒரு மனிதர் ஒவ்வொரு சொல்லுக்கும் பட்ட பாடு மூளையிலேயே பதிந்துபோகலாம் என்பதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது.

திக்கல் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தொடங்கும். ஏறக்குறைய நூற்றில் ஐந்து குழந்தைகளுக்கு வருகிறது. பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடுகிறது. ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று பாட்டிமார் சொல்வது அதனால்தான் அடிக்கடி பலிக்கிறது. பலிக்காத குழந்தைகளைப் பற்றித்தான் என் கவலை. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கே திக்கல் அதிகம் நீடிக்கிறது. குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது திக்கல் நீடித்திருந்தாலும், தொடங்கி ஒரு வருடம் தாண்டியும் குறையாவிட்டாலும், காத்திருக்காமல் ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் காட்டிவிடுங்கள். சிறு வயதில் இந்த வெண்ணிழைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. வீட்டில் பிள்ளை ஒரு சொல்லில் நிற்கும்போது அதை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். அவன் சொல்லி முடிக்கட்டும்.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. தனியாகப் பேசினால் திக்கும் பிள்ளை, வகுப்பில் எல்லோரோடும் சேர்ந்து பாட்டுப் பாடும்போது பெரும்பாலும் திக்குவதில்லை. ஃபாக்ஸின் ஆய்விலும் கூட்டாக வாசித்தபோது வலப்பக்க மிகை இயக்கம் வெகுவாக அடங்கியது. தாளத்துக்கும் பேச்சுக்கும் மூளையில் என்ன உறவு என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)