ரேக் எங்கே தூங்குகிறது?

அனந்தபுரத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "சென்னை பீச்சிலிருந்து திருவண்ணாமலைக்கு ஐம்பது ரூபாய் டிக்கெட்டில் ரயில் விட்டார்களே, அதற்கு மட்டும் பெட்டி எங்கிருந்து வந்தது? நாங்கள் கேட்டால் பெட்டி இல்லை என்கிறார்களே?"

அவர் கோபம் நியாயமானது. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே இருக்கிற ஊர் அது. கிழக்கே திண்டிவனம் – விழுப்புரம் பாதை. தெற்கிலும் மேற்கிலும் விழுப்புரம் – திருவண்ணாமலை – காட்பாடி பாதை. தண்டவாளம் அந்த வட்டாரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறதே தவிர உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அனந்தபுரத்துக்காரர் ரயிலேற வேண்டுமென்றால் முதலில் பஸ் ஏற வேண்டும்.

அவர் கேள்விக்கு நேரான பதில்: அந்த ரயிலுக்குப் புதுப் பெட்டி எதுவும் வரவில்லை. பீச்சிலிருந்து மாலை ஆறு மணிக்குக் கிளம்பும் மெமு என்ற மின்சார ரயில் இரவு ஒன்பதரை மணியளவில் வேலூர் கன்டோன்மென்ட் போய்ச் சேரும். முன்பெல்லாம் அங்கேயே இரவெல்லாம் நின்றுவிட்டு, காலையில் சென்னைக்குத் திரும்பிவிடும். 2024 மே மாதத்தில் அதே வண்டியை ஆரணி ரோடு, போளூர் வழியாகத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். இப்போது நள்ளிரவை ஒட்டிப் போய்ச் சேர்ந்து, விடிகாலை நான்கு மணிக்குப் புறப்படுகிறது. சும்மா நின்ற நேரத்திலிருந்து ஒரு ரயிலை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ரயில் திட்டமிடுகிறவர்களின் தொழிலே இதுதான். கால அட்டவணையில் நாம் ரயிலின் எண்ணையும் நேரத்தையும் பார்க்கிறோம். அவர்கள் ரேக்கைப் பார்க்கிறார்கள். சேர்ந்தே ஓடுகிற ஒரு தொகுதிப் பெட்டிகளுக்கு ரேக் என்று பெயர். காலையில் ஓர் எண்ணில் போன ரேக், மதியம் வேறு எண்ணில் வேறு ஊருக்குப் போகும். இரவு மூன்றாவது எண்ணில் திரும்பி வரும். இந்தச் சங்கிலிக்கு 'ரேக் லிங்க்' என்பார்கள். ஓர் ஓட்டம் முடிந்து அடுத்த ஓட்டம் தொடங்கும்வரை நிற்கிற நேரம் 'லை ஓவர்'.

என் மாமா செஞ்சியில் கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். முகூர்த்த நாட்களில் ஒரே அண்டாவில் காலையில் ஒரு கல்யாணத்தில் சாம்பார் கொதிக்கும். மாலையில் இன்னொரு வீட்டு நிச்சயதார்த்தத்தில் பாயசம் காயும். நடுவில் அதைக் கழுவ, ஒடுக்கெடுக்க, வண்டியேற்ற நேரம் வேண்டும். முதல் வீட்டில் பந்தி இழுத்தால் இரண்டாவது வீட்டில் அடுப்புப் பற்றாது. மாமாவின் திறமையெல்லாம் எந்த அண்டா எப்போது எங்கே இருக்கும் என்று தலைக்குள் வைத்திருந்ததில்தான் இருந்தது. ரேக் லிங்க் போடுகிறவருக்கும் அதே தலைவலிதான்.

குறுகிய தூரச் சேவைக்கு மெமுவைத் தேர்ந்தெடுப்பதற்கும் இந்தக் கணக்குத்தான் காரணம். இன்ஜின் இழுக்கும் சாதாரண பாசஞ்சர் வண்டி கடைசி ஸ்டேஷனுக்குப் போனதும் இன்ஜினைக் கழற்றி, பக்கத்துப் பாதை வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் மாட்ட வேண்டும். மெமுவில் இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. லோகோ பைலட் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போனால் வண்டி திரும்பத் தயார். இழுக்கும் மோட்டார்கள் வண்டி நெடுகப் பல பெட்டிகளில் பரவியிருப்பதால் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்றாலும் சட்டென்று வேகம் பிடிக்கும்.

ஆனால் மின்கம்பி இருக்கிற இடத்தில்தான் மெமு ஓடும். மீட்டர் கேஜ் காலத்தில் ஜப்பானிலிருந்து வந்த மின்சார இன்ஜின்கள் பீச்சிலிருந்து விழுப்புரம் வரை மட்டுமே ஓடின. அதற்கு மேல் கம்பி இல்லை. தெற்கே போகிற வண்டிகளெல்லாம் விழுப்புரத்தில் நின்று இன்ஜின் மாற்றிக்கொண்டு போயின.

ரேக்கும் பாதையும் இருந்தால் மட்டும் ரயில் ஓடிவிடுமா? எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் ஒன்று இருக்கிறது. திருவாரூர் – காரைக்குடி பாதை, சுமார் 150 கிலோமீட்டர், அகலப்பாதையாக மாறிய பிறகு 2019 ஜூன் மாதம் அங்கே டெமு என்ற டீசல் ரயில் ஒன்றை விட்டார்கள். பாதை புதுசு, வண்டியும் தயார். லெவல் கிராசிங்குகளில் கேட் போட மட்டும் போதிய ஆள் இல்லை. அதனால் கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டார்கள். வண்டி கேட்டுக்கு முன்னால் நிற்கும். முன்பக்கத்துக் கேட் கீப்பர் இறங்கிப் போய் கேட்டைச் சாத்துவார். வண்டி மெல்லக் கடந்து மறுபடியும் நிற்கும். பின்பக்கத்துக் கேட் கீப்பர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டில் திரும்பவும் இதே கூத்து. வழிநெடுகக் கேட்டுகள். பயணம் ஆறு மணி நேரத்தையும் தாண்டியது. பஸ் இதைவிடச் சீக்கிரம் போனது.

சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் அந்த வண்டி ஒரு பாடப்புத்தகம். ரேக், பாதை, ஆள், கேட் இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவற்றில் போட்ட பணம் அரைகுறையாகத்தான் பலன் தரும்.

தனியாரிடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. பிரிட்டனில் 1990களில் அப்படித்தான் செய்தார்கள். வண்டி ஓட்டும் உரிமையை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துக் குறிப்பிட்ட காலத்துக்குக் கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள். பெட்டிகள் மூன்று வாடகைக் கம்பெனிகளின் கைக்குப் போயின. 1980களில் செய்த 'பேசர்' வண்டிகள் வேல்ஸில் ஓடின. பஸ்ஸின் உடம்பை இரண்டு அச்சுச் சட்டத்தின் மேல் ஏற்றிச் செய்த சிக்கன வண்டி அது. தற்காலிக ஏற்பாடாக வந்தது, உரிமம் பெற்ற கம்பெனிகள் மாறியபோதும் மாறாமல் ஓடியது. 2018இல் உரிமம் பெற்ற புதிய கம்பெனி புதுப் பெட்டிகள் தருவதாக ஒப்பந்தம் போட்டது. 2021 பிப்ரவரியில் சேவையை வேல்ஸ் அரசே எடுத்துக்கொண்டது. அதே ஆண்டுதான் அங்கே கடைசிப் பேசர் ஓய்வு பெற்றது.

இந்தியாவும் 2020 ஜூலையில் முயன்று பார்த்தது. 109 வழித்தடங்கள், 151 ரயில்கள், 12 தொகுப்புகள், 35 ஆண்டு உரிமை. தொகுப்புகளில் சென்னையும் ஒன்று. ஒவ்வொரு வண்டிக்கும் குறைந்தது 16 பெட்டி, மணிக்கு 160 கிலோமீட்டர் உச்ச வேகம் என்றார்கள். அடுத்த ஆண்டு ஏலத்தைத் திறந்தபோது இரண்டே பேர்தான் கேட்டிருந்தார்கள், அதிலும் ஒருவர் ரயில்வேயின் சொந்த நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி. சென்னைத் தொகுப்பைச் சீந்த ஆளில்லை, திட்டமும் கைவிடப்பட்டது. அது நடந்திருந்தாலும் திருக்கோவிலூரிலும் போளூரிலும் நின்று போகிற வண்டி அந்தப் பட்டியலில் இடம்பிடித்திருக்காது. லாபம் தேடுகிறவர் கண்ணுக்குப் பாசஞ்சர் வண்டி தெரியாது.

அரசின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறதா என்றால், அதுவும் இல்லை. கொரோனாவைக் காரணம் காட்டிப் பாசஞ்சர் வண்டிகளுக்கு எக்ஸ்பிரஸ் கட்டணம் போட்டார்கள். பத்து ரூபாய் டிக்கெட் முப்பது ரூபாய் ஆனது. நோய் ஓய்ந்த பிறகும் 2024 பிப்ரவரி வரை அதே கட்டணம்தான். கூலி வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் சத்தம் போடாமல் பஸ்ஸுக்கு மாறினார்கள். புதுப் பாதைக் கதையும் அப்படித்தான். திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலைப் புதுப் பாதை 2006-07 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. சுமார் 70 கிலோமீட்டர். சில ஆண்டுகளில் அதற்கு ஒதுக்கிய தொகை ஆயிரம் ரூபாய். பட்டியலிலிருந்து பெயர் நீங்காமலிருக்க வைத்த அடையாளப் பணம் அது. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. பார்க்க வருகிறவர் இன்னமும் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பாதைக்காகக் குரல் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். ஆனால் இன்றைக்கே கேட்கக்கூடியவையும் இருக்கின்றன. பௌர்ணமி கிரிவலத்துக்கு விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் சிறப்பு மெமு விடுகிறார்கள். அன்றைக்குக் கிடைக்கிற ரேக் மற்ற நாட்களில் எங்கே நிற்கிறது? விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வரை திருச்சிக் கோட்டம். திண்டிவனம் சென்னைக் கோட்டம். ஒரு கோட்டத்தில் சும்மா நிற்கும் ரேக் அடுத்த கோட்டத்துப் பயணிக்கு உதவுமா என்று யாராவது கேட்டால்தான் பார்ப்பார்கள். காட்பாடிப் பாதை ஒற்றைப் பாதை, எதிர் வண்டிக்கு எங்கே வழிவிடுவது என்பார்கள். அதற்கும் நேரம் காட்டிப் பதில் சொல்லலாம். விழுப்புரத்து ரயில் நேரத்தை ஒட்டி அனந்தபுரத்துப் பஸ் நேரத்தை மாற்றச் சொல்வதற்குத் தண்டவாளமே தேவையில்லை.

கோட்ட ரயில் பயணிகள் ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. 'எங்கள் ஊருக்கு ரயில் வேண்டும்' என்று அதற்கு எழுதினால், 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். 'இந்த ரேக் காலை இத்தனை மணி முதல் மாலை இத்தனை மணி வரை விழுப்புரத்தில் நிற்கிறது, அந்த நேரத்தில் திருவண்ணாமலைக்கு ஒரு நடை விடுங்கள்' என்று எழுதிப் பாருங்கள். முடியாது என்றாலும் ஏன் முடியாது என்று அவர்கள் காரணம் சொல்லியாக வேண்டும். பேச்சை ஆரம்பிக்க அது போதும்.