வெள்ளைக் குடுவைச் செடி தெங்கேரா வெயிலில் ஏன் நிலைப்பதில்லை?

இணையக் கடையில் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். உயரமான வெள்ளைக் குழல்கள், அதில் சிவப்பு நரம்புகள், பூச்சியைப் பிடித்துச் சாப்பிடும் செடி. நானும் மயங்கி ஒன்று வாங்கினேன். முதல் சில மாதம் ஜோராக இருந்தது. இரண்டாம் வருஷம் இலை சிறுத்து, அடித்தண்டு அழுகிப் போனது. பூச்சட்டி மட்டும் மிச்சம்!

அதன் பெயர் சரசீனியா லூக்கோஃபில்லா. அமெரிக்காவின் தென்கிழக்கில், அலபாமா, புளோரிடா போன்ற வளைகுடாக் கரையோரச் சதுப்புகளில் வளர்வது. அங்கே கோடை நம்ம ஊர் மாதிரியே கொளுத்தும். ஆனால் குளிர்காலம் என்று ஒன்று உண்டு. பகல் குறையும், குளிர் இறங்கும், செடி மூன்று நான்கு மாதம் தூங்கும். அந்தத் தூக்கம் கிடைக்காவிட்டால் வருஷா வருஷம் களைத்துப்போய் கடைசியில் செத்துவிடும்.

அதனால்தான் இங்கிலாந்து மாதிரி குளிர் நாடுகளில் இதை வளர்ப்பது சுலபம். உரம் போடாத பீட் மண்ணும் பெர்லைட்டும் கலந்த சட்டி, அடியில் தண்ணீர்த் தட்டு, நல்ல நேரடி வெயில். லேசான உறைபனியைக்கூட தாங்கும். குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம். அதிலுள்ள உப்புகள் மண்ணில் சேர்ந்து வேரைக் கெடுக்கும். மழைத்தண்ணீர் போதும்.

மலாக்காவில்? ராத்திரியிலும் வெப்பம் பெரிதாக இறங்குவதில்லை. வருஷம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். கேமரன் மலைக்கு அனுப்பினாலும் குளிர்தான் கிடைக்கும், பகல் குறையாது. சிலர் வேர்க்கிழங்கைச் சுத்தம் செய்து, ஈரப்பாசியில் சுற்றி, மூன்று மாதம் ஐஸ்பெட்டியில் வைக்கிறார்கள். முடியாததல்ல, ஆனால் அம்மாவிடம் முதலில் அனுமதி வாங்குங்கள்.

நம்ம மண்ணுக்கே குடுவைச் செடி உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். மலாய்க்காரர்கள் பெரியோக் கெரா, அதாவது குரங்குப் பானை, என்பார்கள். 1854-இல் மலாக்காவிலிருந்து லேடாங் மலை ஏறிய வாலஸ், தாகம் தாங்காமல் அதன் குடுவைத் தண்ணீரைத்தான் குடித்தார். உள்ளே பூச்சிகள் மிதந்தன, தண்ணீர் வெதுவெதுப்பு, ஆனால் ருசி பரவாயில்லை என்று எழுதியிருக்கிறார்.

வெள்ளைதான் வேண்டும் என்றால் நெபெந்திஸ் அல்போமார்ஜினாட்டா இருக்கிறது. குடுவை வாய்க்குக் கீழே வெள்ளை ரோம வளையம். அதைத் தின்ன வரும் கரையான்கள் கூட்டமாக உள்ளே விழுகின்றன. 2002-இல் நேச்சர் இதழில் இதை விளக்கினார்கள். அஞ்சடி நிழலுக்கு நெபெந்திஸ் ஆம்புல்லாரியா இன்னும் பொருத்தம். அது உதிர்ந்த இலைகளிலிருந்தும் சத்து எடுத்துக்கொள்ளும்.

வாங்கும்போது நாற்றுப்பண்ணையில் வளர்த்ததா என்று கேளுங்கள். இரண்டு இனங்களுமே சைட்டிஸ் பட்டியலில் இருப்பதால், வெளிநாட்டிலிருந்து செடியாக வரவழைக்கப் பத்திரங்கள் தேவை. லேடாங்கிலிருந்து பிடுங்கி வரவும் கூடாது. ஜொகூர் பக்கம் அது தேசியப் பூங்கா.