கிரீஸ் சொன்ன ‘வேண்டாம்’

கடன் கொடுத்தவர்கள் விதித்த நிபந்தனைகளை ஏற்பதா என்று 2015 ஜூலை 5 அன்று கிரீஸ் மக்களிடம் கேட்கப்பட்டது. நூற்றுக்கு 61 பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். ஜூலை 13 அன்று பிரதமர் அலெக்ஸிஸ் சிப்ராஸ் பல வகையில் அதைவிடக் கடுமையான நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டார். அவர் மக்களைக் கைவிட்டார் என்ற கோபம் நியாயமானதே. ஆனால் குற்றத்தை அவரோடு நிறுத்திவிட முடியாது. ஐரோப்பிய மத்திய வங்கி அவசர நிதியின் உச்சவரம்பை உயர்த்த மறுத்ததால், வாக்கெடுப்புக்கு முன்பே கிரீஸ் வங்கிகள் மூடப்பட்டிருந்தன. ஏ.டி.எம்.மில் நாளொன்றுக்கு 60 யூரோதான் எடுக்க முடிந்தது. சொந்த நாணயம் இல்லாத நாடு. பணத்தின் மடையோ யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காதவர்கள் கையில்.

பற்றாக்குறையை மறைத்துப் பொய்க்கணக்கு காட்டிய நாடு கடனைக் கட்டத்தானே வேண்டும் என்பார்கள். பொய்க்கணக்கு உண்மை, பெரும் வரி ஏய்ப்பும் உண்மை. ஆனால் 2010இல் ஒப்புக்கொள்ளப்பட்ட 110 பில்லியன் யூரோ கடன் யாரைக் காப்பாற்றியது? அதில் பெரும்பகுதி பழைய கடனை அடைக்கவே போனது. அந்தப் பழைய கடனைக் கொடுத்தவர்களில் பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகள் முக்கியமானவை. அடைக்க முடியாத கடனில் மூழ்கிய நாட்டுக்குப் பெருந்தொகை தரக்கூடாது என்பது சர்வதேச நாணய நிதியத்தின் சொந்த விதி. கிரீஸுக்காக அந்த விதியையே தளர்த்தினார்கள். கடனைக் குறைப்பது 2012 வரை தள்ளிப்போனது. அதே ஆண்டில் குறைந்தபட்ச ஊதியம் 22 சதவீதம் வெட்டப்பட்டது. பிறகு வேலையின்மை 27 சதவீதத்தைத் தொட்டது. பொருளாதாரத்தில் கால்பங்கு கரைந்தது. திட்டத்தில் பெரும் தவறுகள் நேர்ந்ததை 2013இல் நிதியமே ஒப்புக்கொண்டது.

ஜெர்மன் குடிமகனுக்கும் வாக்கு உண்டே, கிரீஸின் தீர்ப்பு அவர் வரிப்பணத்தை எப்படிக் கட்டுப்படுத்தலாம்? வலுவான கேள்வி. ஆனால் தனியார் வங்கிகள் ஏற்க வேண்டிய நட்டத்தை அரசுகளின் தலைக்கு மாற்றியபோது, யூரோ நாடுகள் எதிலும் மக்களிடம் வாக்கு கேட்கப்படவில்லை. ஐஸ்லாந்தில் கேட்டார்கள். திவாலான தனியார் வங்கியின் வெளிநாட்டு வைப்புகளுக்கு அரசு பொறுப்பேற்கும் ஒப்பந்தத்தை 2010, 2011 வாக்கெடுப்புகளில் மக்கள் நிராகரித்தார்கள். 2013இல் எஃப்டா (ஐரோப்பிய சுதந்திர வர்த்தகச் சங்க) நீதிமன்றமும் ஐஸ்லாந்தின் பக்கமே தீர்ப்பளித்தது. அந்த நாட்டுக்குச் சொந்த நாணயம் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

கிரீஸின் மீட்புத் திட்டம் 2018 ஆகஸ்டில் முடிந்தது. நிபந்தனை முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி விதிகளைப் பின்பற்றுவதாக அது வாக்குக் கொடுத்தது; அதற்கு, வட்டி நீங்கலாக, சராசரியாக ஆண்டுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.2 சதவீதம் பட்ஜெட் உபரி 2060 வரை தேவைப்படும் என்று அப்போது கணக்கிடப்பட்டது.