பூச்சிகளைத் தேடி - 9: எருக்கஞ்செடி முன் அரை மணி நேரம்

பெயர் தெரியாத பூச்சி கண்ணில் பட்டால், அது உட்கார்ந்திருக்கும் செடியை முதலில் பாருங்கள். எத்தனையோ பூச்சிகள் குறிப்பிட்ட சில செடிகளைத் தவிர வேறெதையும் கடிப்பதில்லை. செடி இன்னதென்று தெரிந்துவிட்டால் தேடல் பாதி முடிந்த மாதிரி.

இந்த வாரம் எருக்கு. கண்மாய்க் கரை, தரிசு, ரயில் பாதை ஓரம் என்று எங்கும் நிற்கும். ஆடுகூட அதை விட்டு ஒதுங்கித்தான் மேயும். ஒடித்தால் வடிகிற பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. அதையே சாப்பாடாக்கிக்கொண்ட பூச்சிகள்தான் நமக்கு வேண்டியவை.

மஞ்சளும் நீலப்பச்சையுமாகப் பட்டை போட்ட பெரிய வெட்டுக்கிளி ஒன்று அநேகமாக இருக்கும். பக்கத்தில் போனாலும் பதறாது. எருக்கின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருக்கிறது. பறவைகளுக்கு அந்த நிறமே எச்சரிக்கை. இதன் குஞ்சைப் பார்த்தால் வேறு இனம் என்றே தோன்றும். சிறகில்லாத பசுமஞ்சள் உடம்பு, பொடிக் கறுப்புக் கோடுகள், ஆங்காங்கே சிவப்புப் பொட்டு. பிடித்து அழுத்தினால் முதுகிலிருந்து பால் போன்ற நீரைப் பீய்ச்சும். இரண்டு அங்குலமாவது பாயும். அதுவும் அழுத்திய விரல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகவே! அந்த நீரிலும் எருக்கின் நஞ்சு உண்டு. குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள், தொடாமல் பார்க்கப் பழக்குங்கள்.

இலையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களோடு மூன்று ஜோடிக் கொம்புள்ள புழு இருந்தால் அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. பூவில் ரீங்கரிக்கும் பெரிய கருவண்டின் காலையும் கவனியுங்கள். எருக்கின் மகரந்தம் தூளாக உதிராது. சின்னப் பொட்டலமாகக் காலில் மாட்டிக்கொண்டு போகும்.

கொழுந்தைத் திருப்பினால் மஞ்சள் உடம்பும் கறுப்புக் காலுமாக அசுவினிக் கூட்டம். அதற்குள் முதலைக்குட்டி போல ஒன்று நகர்கிறதா? கருத்த உடம்பு, ஆரஞ்சுப் புள்ளி, ஆறு கால். கொஞ்சம் பொறுத்தால் அது அசுவினியைக் கவ்வுவதைப் பார்க்கலாம். நாம் கையில் ஏற்றி விளையாடும் பொறிவண்டின் குஞ்சுதான் இது. வளர்ந்த வண்டை எல்லோருக்கும் தெரியும், குஞ்சை அடையாளம் காண்பவர்கள் குறைவு. கத்தரியிலும் பருத்தியிலும் இதைப் பயிரைத் தின்னும் புழு என்று நினைத்து மருந்தடித்துவிடுகிறார்கள். அசுவினியைத் தின்று தீர்க்கிற பூச்சி அநியாயமாகச் சாகிறது. தோட்டம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இதைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூச்சியை மட்டும் நெருக்கி எடுத்தால் போதாது. இலையும் பூவும் தெரிகிற மாதிரி இன்னொரு படம் எடுங்கள். பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த வாரம் ஆவாரஞ்செடிக்குப் போவோம்.