காவுகணினியைக் குளிர்வித்தல்: நீரா, வளியா?

இடத்துக்கிடம் காவிச் செல்லப்படும் மேசைக் கணினிக்கு நீர்க்குளிர்த்தியே உயர்ந்தது என்னும் கருத்துப் பரவலாக உண்டு. பௌதிகவியல் அதற்கு ஓரளவே துணைநிற்கின்றது. ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4.2 யூல் வேண்டும். வளிக்கு 1 யூல் போதும். கனவளவால் ஒப்பிடின் வேறுபாடு மூவாயிரம் மடங்கைத் தாண்டும். ஆயினும் நீர் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகின்றது; ஈற்றில் அதனை ஏற்பது அறையின் வளியே. எனவே தகட்டுப் பரப்பும் விசிறியுமே எல்லையை வகுக்கின்றன. ('வளிக்குளிர்த்தி' எனப்படுவதன் செப்புக் குழாய்களுள்ளும் சிறிதளவு நீரே ஆவியாகி ஒடுங்குகின்றது!)

காவுதலே உண்மையான சோதனை. ஒரு கிலோகிராமை விஞ்சும் கோபுரக் குளிர்த்தி, நிமிர்ந்து நிற்கும் தாய்ப்பலகையில் நெம்புகோல்போலத் தொங்குகின்றது. வண்டியின் ஒவ்வோர் அதிர்வையும் பலகையே தாங்குகின்றது. நீர்த்தொகுதியிலோ பாரமான பகுதி பெட்டிச் சட்டத்திற் பொருந்தும். இந்நன்மை மெய்யானது. ஆனால் பம்பி பழுதடையும். இறப்பர்க் குழாயினூடே நீர் ஆண்டுக்காண்டு குறையும். ஒழுக்கும் கற்பனையன்று: 2004இல் வெளிவந்த திரவக்குளிர்த்தி கொண்ட பவர் மாக் ஜி5 கணினிகள் சில பின்னாளில் ஒழுகிப் பழுதாயின.

65 வாற்றுச் செயலிக்குத் தாழ்ந்த வளிக்குளிர்த்தி போதும் என்பதே என் துணிபு. நெடுநேரம் 200 வாற்றைக் கடக்கும் வேலைக்கு மாத்திரம் நீரை நாடலாம். களஆய்வுக்குச் சென்ற இடத்தில் விசிறி நின்றால், எந்தச் சிற்றூர்க் கடையிலும் வாங்கிய ஒன்றைக் கட்டி அன்றிரவே வேலையைத் தொடரலாம். பம்பி நின்றால், தரவுகளோடு ஊர் திரும்பவேண்டியதுதான்.