செம்மண்ணும் தயிர்க் குழம்பும்

குறுந்தொகையின் 40ஆம் பாட்டை அறியாத மாணவர் நம்மிடையே அரியர். செம்மண் நிலத்திலே பெய்த மழைநீர் மண்ணோடு கலந்துவிடுவதுபோல, முன்பின் உறவில்லாத இரு நெஞ்சங்கள் கலந்தன என்கிறான் தலைவன். பாடியவரின் இயற்பெயர் மறைந்து, உவமையே அவருக்குப் பெயராகிச் செம்புலப்பெயனீரார் ஆனார். 1967இல் ஏ. கே. இராமானுஜன் ஆங்கிலத்தில் தந்தபின் கடல் கடந்தும் அப்பாட்டுப் புகழ்பெற்றது.

இருபது வயதில் எனக்கு அதுவே உயிர். அம்பிட்டியவில் மழை விட்டபின் வீதியோரத்தில் செந்நீர் ஓடக் கண்டால் போதும், மனம் எங்கோ சென்றுவிடும். அதே நூலின் 167ஆம் பாட்டு அந்த வயதில் என்னோடு பேசவேயில்லை.

இன்று அதுதான் பேசுகிறது. பாடியவர் கூடலூர் கிழார். மகளின் புதுக் குடித்தனத்தைப் பார்த்து வந்த செவிலி, பெற்ற தாயிடம் கூறுகிறாள். பெண் கட்டித் தயிரை விரலாற் பிசைகிறாள். விரலை உடுத்த சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணிற் படுகிறது. அவள் துழாவிச் சமைத்த புளிக் குழம்பைக் கணவன் சுவையாயிருக்கிறதென்று உண்கிறான். அவள் முகம் மலர்ந்தும் மலராததுபோல் மலர்கிறது. ஆறே அடிகளில் பாட்டு முடிந்தது. காதல் என்ற பேச்சே அதில் இல்லை!

கணவன் சொல்வதோ ஒரே சொல். எந்த வீட்டிலும் வழங்கக்கூடிய சொல். நம் வீடுகளில் அதற்குத்தான் பஞ்சம். உப்புக் கூடினால் வாய் திறப்பவர்கள், சரியாயிருந்தால் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். (ஆடவர் மன்னிப்பார்களாக.)

அயல் தோட்டத்திலிருந்து என்னிடம் பாடங் கேட்க வரும் மாணவி ஒருத்தியிடம் இதைக் கூறினேன். அவள் தயங்கியவாறே, "டீச்சர், எங்க வீட்டுப் பேச்சைக் கேட்டாச் சிரிக்கிறாங்க. அதில போய்க் கவிதை இருக்குமா?" என்றாள்.

ஏன் இராது? மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) ஆங்கிலத்திற் கவிதை எழுதிப் பெயர் பெற்றவர்; 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரானவர். அவரே லயங்களில் வழங்கிய பாடல்களைத் தேடித் தொகுத்தார். அது 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலாயிற்று. கொழுந்தும் கூடையும் கங்காணியும் புழங்கும் அதே பேச்சுத்தான் அங்கே பாட்டாகியிருக்கிறது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் இலட்சக்கணக்கானோர் இந்தியா சென்றபோது, ஏட்டில் ஏறாத பாடல்கள் எத்தனை அவர்களோடு கப்பலேறினவோ!

மறுவாரம் அம்மாணவி ஒரு கொப்பியோடு வந்தாள். பாட்டியைப் பாடச் சொன்னாளாம். "இதையெல்லாமா புத்தகத்தில எழுதுவாங்க?" என்று கிழவி நாணினாளாம். பிறகு தாத்தா வெளியே போகும்வரை காத்திருந்து நான்கு பாட்டுப் பாடினாளாம். எழுத விட்டது மூன்றைத்தான்.