உங்களுக்குத் தெரியுமா? வடசென்னைக் கால்பந்து: முன்னே பாயவும் பின்னே தடுக்கவும்

● ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்குக் கடல் கூப்பிடு தூரம்தான். ஆனால் மெரினாவில் ஆடுவதுபோல் அகன்ற மணலில் பந்தாட அவர்களுக்கு வாய்ப்பில்லை. காரணம் துறைமுகம். நம் கரையோரம் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டு போகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும் அந்த மணல் தெற்கே தேங்கி, மெரினா அகன்றது. வடக்கே கரை அரித்தது. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை பல இடங்களில் இன்று பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் இந்தப் பகுதிப் பையன்கள் பந்து பழகுவது தெருவிலும், பள்ளி மைதானத்திலும், கிடைத்த சிமென்ட் தரையிலும்தான்.

● குறுகிய இடத்தில் ஆடுவதில் ஒரு லாபம் உண்டு. பந்து காலுக்கு வந்த மறுநொடியே எதிராளியும் வந்துவிடுவான். யோசிக்க நேரமில்லை, முதல் தொடுதலிலேயே பந்து அடங்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகளைப் பதினொருவர் அணியாகப் பெரிய மைதானத்தில் விட்டால், பாதிப் பேருக்குப் பந்து எட்டவே எட்டாது. ஐவர் ஆட்டத்தில் ஒவ்வொரு காலுக்கும் பந்து திரும்பத் திரும்ப வரும். உலகெங்கும் சிறுவர் பயிற்சி சிறு அணிகளுக்கு மாறியது இதனால்தான்.

● ஐவர் ஆட்டமான ஃபுட்சாலின் பந்து வேண்டுமென்றே மந்தமாகத் துள்ளும்படி செய்யப்படுகிறது. 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் முதல் துள்ளல் 65 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. சிமென்ட் தரையில் ஆடும் பிள்ளைகளுக்கு இது நல்ல பந்து, காலடியிலேயே நிற்கும்.

● வியாசர்பாடி ஒரே தலைமுறையில் இரு வேறு ஆட்டக்காரர்களை நாட்டுக்குத் தந்தது. ஒருவர் தனபால் கணேஷ். தற்காப்பு வரிசைக்கு முன்னால் நின்று எதிரணியின் ஓட்டத்தை அறுப்பவர். இன்னொருவர் நந்தகுமார் சேகர். விங்கில் ஓடி, தடுப்பாளரை ஏமாற்றிக் கடப்பவர்.

2023 ஆகஸ்ட் 12. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஒரே ஊர் அணிகள் மோதும் டூரண்ட் கோப்பை டெர்பி. ஈஸ்ட் பெங்கால் அணிக்காக நந்தகுமார் வலது ஓரத்தில் பந்தை வாங்கினார், உள்ளே வெட்டினார், இடது காலால் வளைத்து அடித்தார். மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றது. நாலரை ஆண்டுக்குப் பிறகு டெர்பியில் அவர்களுக்குக் கிடைத்த வெற்றி அது. ஓரத்தில் நின்று ஆடும் பிள்ளைக்கு இதில் பாடம் இருக்கிறது. வலது காலை மட்டுமே நம்பும் விங்கரை ஒரு பக்கம் அடைத்தால் போதும், ஆட்டம் முடிந்தது. இரண்டு காலும் பேசினால் தடுப்பாளர் எந்தப் பக்கம் நிற்பார்?

● அதே கணேஷ், 2018 மார்ச்சில் எஃப்சி கோவாவுக்கு எதிரான ஐஎஸ்எல் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் கோல் அடித்தார். அவருடைய சென்னையின் எஃப்சி 3-0 என்று வென்றது. சில நாளில் நடந்த இறுதிப் போட்டியில் பெங்களூருவை 3-2 என்று வீழ்த்தியபோது, மூன்றில் இரண்டு கோல் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டியவை, இரண்டுமே கார்னரிலிருந்து வந்தவை. அவர் ஆடிய இடம் சென்டர் பேக்! ‘நீ பேக், மேலே போகாதே’ என்று சிறுவனை அதட்டும் பயிற்சியாளர்கள் இந்தப் பருவத்தை ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்.

● 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டி. இந்தியா தங்கம் வென்ற இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராக இரண்டாவது கோல் அடித்தவர் ஜர்னைல் சிங். அவர் இயல்பில் தடுப்பாளர். தலையில் தையல் போட்டிருந்த அவரைப் பயிற்சியாளர் ரஹீம் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். மறுமுனையில் கோல் காத்தவர் வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு ஆடிப் பெயர் பெற்ற பீட்டர் தங்கராஜ். அவரோ இளமையில் சென்டர் ஃபார்வர்டு! சிறு வயதிலேயே ஒருவனை ஒரே இடத்தில் கட்டிப்போடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சான்று இல்லை.

● தடுக்கப் பழகும் பிள்ளை முதலில் கற்க வேண்டியது பந்தைப் பறிப்பதை அல்ல, பறிக்காமல் காத்திருப்பதை. எதிராளி பந்தோடு வரும்போது வேகமாக நெருங்கு, ஒரு கை தூரத்தில் வேகத்தைக் குறை. முட்டி மடங்கியிருக்கட்டும், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நில். கண் பந்தின் மேல், அவன் தோளின் மேல் அல்ல. அவனைக் கோட்டோரம் தள்ளிக்கொண்டே போ, அல்லது அவனுக்கு வராத காலின் பக்கம். பந்து அவன் காலைவிட்டுச் சற்று விலகும் நொடியில் காலை நீட்டு. நம் மைதானங்களில் பல கோல்கள் அவசரப்பட்டு விழுந்து டாக்கிள் போட்டவர் தாண்டப்பட்டதால் விழுபவைதான்.

● த்ரோ, கோல் கிக், கார்னர் மூன்றிலும் நேராகப் பந்து வாங்குபவருக்கு ஆஃப்சைடு கிடையாது.

● 2019 முதல் கோல் கிக்கை அணியின் தோழர் பெனால்டி எல்லைக்குள்ளேயே வாங்கலாம். அதற்கு முன் பந்து வெளியே போனால்தான் ஆட்டம் தொடங்கும். இந்தச் சிறு மாற்றத்தால் சென்டர் பேக்குக்கும் நிதானமாகப் பாஸ் போடத் தெரிந்தாக வேண்டியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிப்பவருக்கு இனி அணியில் இடம் கிடைப்பது கடினம்.

● பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பது ஒரு தனித் திறன். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இங்கிலாந்து பிரீமியர் லீக் வீரர்களைக் காணொளியில் கவனித்து, அதிகம் திரும்பிப் பார்ப்பவர்கள் முன்னோக்கிய பாஸை அதிகம் சரியாகப் போடுகிறார்கள் என்று கண்டார். செலவில்லாத பயிற்சி இது: பாஸ் வரும் நேரத்தில் பின்னால் நிற்பவர் விரல் காட்டட்டும், வாங்குபவர் எண்ணிக்கையைச் சொல்லட்டும்.

● 8 முதல் 12 வயதுக்கு 4ஆம் எண் பந்துதான் ஏற்றது. அண்ணன்மார் ஆடும் 5ஆம் எண் பந்தைத் தம்பிக்குக் கொடுத்தால் காலும் வலிக்கும், பழக்கமும் கெடும். தலையால் முட்டுவதற்கும் அவசரம் வேண்டாம். அமெரிக்காவில் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அதை 2015இலேயே நிறுத்தினார்கள்.

● தண்டையார்பேட்டை கருணாலயா தொண்டு நிறுவனத்தின் பெண் பிள்ளைகள் 2018இல் மாஸ்கோவில் நடந்த தெருவோரக் குழந்தைகள் உலகக் கோப்பையில் இந்தியாவுக்காகக் கால்பந்து ஆடினார்கள். நம் தெருக்களில் மாலை ஆட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போது வாசலில் நின்று பார்க்கும் பெண் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள்.

● பாயும் திறனும் தடுக்கும் திறனும் சேர்ந்து வளர ஓர் ஆட்டம்: பத்தடிக்குப் பத்தடி கட்டம், உள்ளே ஒருவருக்கு ஒருவர். பந்தை இழந்தவர் நின்றுவிடாமல் அந்த நொடியே தடுப்பாளர் ஆகிவிட வேண்டும். ஒரு நிமிடம் ஆடி ஒரு நிமிடம் ஓய்வு. வெயில் தாழ்ந்து கடற்காற்று ஏறிய பிறகு, தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுங்கள்.